செகண்ட்ஸ் தண்ணீர் குடித்த கிண்ணம்

என் வீட்டு வாசற்கதவை ஒட்டிய அலமாரியில் ஒரு வெள்ளைப் பீங்கான் கிண்ணம் இருக்கிறது. சுட்டபோதே வாய் ஒரு பக்கம் கோணிக்கொண்ட கிண்ணம். உதட்டில் நகம் அளவுக்குச் சில்லு பெயர்ந்திருக்கிறது. அங்கிருந்து அடி வரைக்கும் முடி போல ஒரு விரிசல். தண்ணீர் ஊற்றினால் கசியும் என்பதால் சாவிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். என் மருமகள் நாலைந்து முறை இதைக் குப்பையில் போடப் பார்த்தாள். நான் நாலைந்து முறை திரும்ப எடுத்து வைத்துவிட்டேன். எனக்கு ஓரிடத்தில் உட்காரும் பழக்கம் சின்ன வயதிலிருந்தே கிடையாது. காலில் சக்கரம் கட்டியவள் என்று அப்பா சொல்வார். வீட்டுக்குள் போகும்போதும் வரும்போதும் விரல் முட்டியால் அந்தக் கிண்ணத்தை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போவேன். 'டொக்' என்று கேட்கும். விரிசல் இல்லாத பீங்கான் 'ணங்' என்று சொல்லும். அந்த வித்தியாசத்தைக் காதால் கண்டுபிடிக்க எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கேட்டுக் கேட்டுப் பழகிய காது.

போன மாதம் மூட்டு வலிக்காகச் சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். நடைகூடத்தில் நீலச் சட்டை போட்ட, தங்க நிற மயிர் அடர்ந்த ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் வந்தாள். இருவர் கழுத்திலும் அடையாள அட்டை. நோயாளிகளுக்கு ஆறுதலாக வார்டு வார்டாக வருவதற்கென்றே பழக்கிய நாயாம். சுற்றி நின்றவர்கள் செல்போனில் படம் எடுத்தார்கள். "பயப்படாதீங்க ஆன்ட்டி, தொட்டுப் பாருங்க" என்றாள் அந்தப் பெண். எனக்கா பயம்? முப்பது வருடங்களுக்கு முன்னால், தொண்ணூறுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் இதே வேலையைச் செய்த மூவரில் நானும் ஒருத்தி. மற்ற இருவர், பீங்கான் சாமான்கள் செய்யும் செராமிக் பேட்டையில் வேலை பார்த்த ஒரு அக்காவும் அவருடைய நாயும். அதை நான் அந்தப் பெண்ணிடம் சொல்லவில்லை. அந்த நாய் என் பக்கத்தில் உட்காருமா, எழுந்து போய்விடுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்போது நான் விருத்தாசலத்தில் இருந்த ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ். வயது இருபத்தாறு. எப்போது வேறு ஊருக்கு ஓடலாம் என்று பார்த்துக்கொண்டிருந்த காலம். அக்காவின் அம்மாவுக்குப் பக்கவாதம் வந்து பெண்கள் வார்டில் சேர்த்திருந்தார்கள். வலது கை மூடிய மொட்டாகிவிட்டது. ரப்பர் பந்தைக் கொடுத்து அழுத்தச் சொல்லி நான் மூன்று வாரம் மன்றாடினேன். அந்த அம்மா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொள்வார். அவரை ஏற்றிவந்த மூன்று சக்கர வண்டியின் பின்னாலேயே ஓடிவந்த நாய், வார்டு ஜன்னலுக்கு வெளியே படுத்துக் கிடந்தது. ஒரு நாள் மத்தியானம் யாரும் கவனிக்காத நேரத்தில் உள்ளே நுழைந்து கட்டிலோரம் வந்து நின்றது. நான் விரட்டக் கையை ஓங்கினேன். அதற்குள் அந்த அம்மா, டீக்கு வாங்கி வைத்திருந்த பொறையை எடுத்து நாய்க்கு நீட்டினார். வலது கையால். மூன்று வாரம் திறக்காத விரல்களில் இரண்டு திறந்திருந்தன. ஓங்கிய கையோடு நான் அப்படியே நின்றுவிட்டேன்.

ரவுண்ட்ஸ் வந்த பெரிய டாக்டர் அதைப் பார்த்துவிட்டார். அதிகம் பேசாத மனிதர். தபாலில் வரும் வெளிநாட்டு மருத்துவப் பத்திரிகைகளைச் சாப்பாட்டு மேஜையிலும் படிப்பவர். இப்படி நாய்களைப் பழக்கி ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகும் வழக்கம் சில நாடுகளில் இருக்கிறது, செய்வதென்றால் ஒழுங்காகச் செய்யவேண்டும் என்றார். கால்நடை ஆஸ்பத்திரியில் வெறிநாய்த் தடுப்பூசி போட்டுச் சீட்டு வாங்க வேண்டும். கார்பாலிக் சோப் போட்டுக் குளிப்பாட்ட வேண்டும். புதன், சனி மட்டும், மாலை நாலு முதல் ஐந்து வரை. புண், தையல் உள்ளவர்கள் பக்கம் போகக்கூடாது. நாயின் சொந்தக்காரர் ஒருவர், நர்ஸ் ஒருவர் எப்போதும் கூட இருக்க வேண்டும். "நர்ஸ் யாரு?" என்று கேட்டுவிட்டு அவரே என்னைக் கை காட்டினார். அம்மா குணமாகி வீட்டுக்குப் போன பிறகும் வர முடியுமா என்று அக்காவிடம் கேட்டார். முடியாது என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன். பேட்டையில் காலையிலிருந்து நின்றபடியே வேலை செய்கிறவர்.

அக்காவின் வேலை கோப்பைகளைத் தரம் பிரிப்பது. சூளையிலிருந்து வரும் கோப்பையை இடது கையில் தொங்கவிட்டு, விரல் நீளக் குச்சியால் இரண்டு தட்டுத் தட்டுவார். 'ணங்' என்றால் வலப்பக்கம் முதல் தரம். கோணலோ புள்ளியோ இருந்தால் இடப்பக்கம், செகண்ட்ஸ். 'டொக்' என்றால் உள்ளே விரிசல்; திரும்பிக்கூடப் பார்க்காமல் தோளுக்குப் பின்னால் உடைசல் குவியலில் எறிவார். நாய் பிறந்தது அந்தக் குவியலுக்குப் பின்னால்தான். ஒரு காது பாதியில் மடிந்து கோணல், மற்றபடி பழுதில்லை என்பதால் பேட்டைக்காரர்கள் அதற்குச் 'செகண்ட்ஸ்' என்று பெயர் வைத்தார்கள். குட்டியில் ஒரு முறை பறந்து வந்த ஓட்டாஞ்சில்லு பட்டு முதுகில் தழும்பு. டாக்டரிடம் அக்கா உடனே சரி என்றார். பிறகு தனியாக என்னிடம் காரணம் சொன்னார்: "நாள் பூரா தட்டித் தட்டி, வேணாம் வேணாம்னு ஒதுக்குற வேல சிஸ்டர். இங்க வந்தா ஒருத்தரையும் ஒதுக்க வேணாம் பாருங்க. அதுக்கோசரம்தான்." அந்த ஒரு மணி நேரம் அவருக்கு எவ்வளவு பெரியது என்று எனக்கு அப்போதே தெரியும். தெரிந்துதான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது.

ஒரு மாதம் பழகினோம். நடைகூடத்தில் நடப்பது, சக்கர நாற்காலிக்கு வழி விடுவது, கூப்பிட்ட கட்டிலுக்கு மட்டும் போவது. ஆயாக்களுக்கு எங்களைப் பார்த்து ஒரே சிரிப்பு. "நாயக் குளிப்பாட்டி நடுவூட்டுல வெச்சாலும் வால ஆட்டிக்கிட்டுத்தான் போவும், பாருங்க" என்பார்கள். கடைசியில் பெரிய டாக்டர் பரீட்சை வைத்தார். செகண்ட்ஸ் முதுகுக்குப் பின்னால் ஸ்டீல் தட்டுகளை அடுக்கோடு கீழே போட்டார்கள். நான் துள்ளிவிட்டேன், ஒரு ஆயா முருகா என்று கத்திவிட்டாள். நாய் கொட்டாவி விட்டது. தினமும் நூறு கோப்பை உடையும் இடத்தில் வளர்ந்த பிராணிக்குத் தட்டு விழும் சத்தம் எம்மாத்திரம். அதன் வாலைப் பிடித்து இழுத்தார்கள், ஊன்றுகோலால் இடித்தார்கள், முகத்துக்கு நேரே கூச்சல் போட்டார்கள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டது. நான்தான் தேறவில்லை. கட்டிலருகே இரண்டு நிமிடம் நின்றால் எனக்குக் கால் பரபரக்கும், நான் அசைந்தால் நாயும் அசையும். "நாயி நல்லாத்தான் இருக்குது சிஸ்டர். நீங்கதான் பழகணும்" என்று அக்கா சிரித்தார். நாய்க்கு முன்னால் நான் பெயிலானது ஆஸ்பத்திரி முழுக்கத் தெரிந்துவிட்டது.

காலை நேரத்தில் நாய்க்கடிக்காரர்களின் வரிசை ஒன்று வராந்தாவில் நிற்கும். தொப்புளைச் சுற்றி ஊசி போட்டுக்கொண்ட காலம் அது. முதல் புதன்கிழமை, ஊசி போட்டுக்கொண்டு மாலை வரை அங்கேயே படுத்திருந்த ஒரு பெரியவர் செகண்ட்ஸைப் பார்த்துச் சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டி, "இங்க குத்திட்டு, அதயே கூட்டியாந்து காட்டுறீங்களா?" என்று சண்டைக்கு வந்தார். அன்றிலிருந்து சலவைத் தொட்டிப் பக்கமாகப் பின்வாசல் வழியே வரச் சொன்னார்கள். பார்வையாளர் நோட்டில் பெயர் எழுதாமல் யாரையும் விடமாட்டேன் என்று வாட்ச்மேன் பிடிவாதம் பிடித்தார். பெயர்: செகண்ட்ஸ். நோயாளிக்கு என்ன உறவு என்ற கட்டத்தில் கொஞ்சம் யோசித்துவிட்டு 'சொந்தம்' என்று எழுதினார். அக்கா ஒரு துணிப்பையில் இந்தக் கோணல் கிண்ணத்தைக் கொண்டுவருவார். எந்தக் கட்டிலுக்குப் போனாலும் அதில் தண்ணீர் ஊற்றிக் கீழே வைப்பார். கட்டிலில் இருப்பவர் எழுந்து குனிந்து நாய் தண்ணீர் குடிப்பதைப் பார்ப்பார். படுத்தே கிடந்தவர்களை எழுப்பி உட்கார வைக்க நான் அதுவரை எவ்வளவு கத்தியிருப்பேன். ஒரு கிண்ணம் தண்ணீர் போதுமாக இருந்தது.

இப்படி ஏழெட்டு மாதம் நல்லபடியாகப் போனது. அந்த மாதங்களில் மட்டும் ஊரைவிட்டு ஓடும் எண்ணம் எனக்கு வரவில்லை. பிறகு ஒரு சனிக்கிழமை, ஆண்கள் வார்டில் நெஞ்சு நோயோடு கிடந்த ஒரு முதியவரின் கட்டிலோரம் படுத்திருந்த செகண்ட்ஸ், திடீரென்று எழுந்து வெளியே போய்விட்டது. மறுநாள் காலை அவர் இறந்தார். அதை யாரும் பெரிதாக நினைக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துப் பெண்கள் வார்டில் வயிறு வீங்கிக் கிடந்த ஒரு அம்மாவிடமிருந்து அதே போல எழுந்து போனது. அவரும் போய்விட்டார். வெறும் வாயை மெல்லுகிறவர்களுக்கு அவல் கிடைத்தது. நாய்க்கு எமன் கண்ணுக்குத் தெரிவான், நாய் எழுந்தால் ஆளும் எழுந்துவிடும் என்று வார்டு முழுக்கப் பேச்சு. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை என்று நானும் முதலில் சிரித்தேன். நாய் எழுந்து போயும் பிழைத்துக்கொண்டவர்கள் இருந்தார்கள், அவர்களை யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. மருந்து கொடுக்கும்போது ஓரக்கண்ணால் நாயைப் பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

ஜனங்கள் நாயைத் துரத்துவார்கள் என்று பார்த்தால், நடந்தது அதற்கு நேர்மாறு. கூப்பிட ஆரம்பித்தார்கள். கோயிலில் பூப் போட்டுப் பார்ப்பார்களே, அந்த மாதிரி. "கொஞ்சம் எங்க கட்டிலாண்ட உக்கார வெச்சிப் பாருங்களேன்" என்று அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சுவார்கள். அக்கா முகம் சுருங்கிவிடும். அந்தச் சமயத்தில்தான் நல்லூரிலிருந்து ஒருவரைக் கொண்டுவந்தார்கள். நாற்பது வயதுக் கூலிக்காரர். நெஞ்சின் இரண்டு பக்கமும் நீர் கோத்து, இதயத்தையும் அழுத்தி மூச்சு வாங்கியது. இங்கே வசதி போதாது, பாண்டிச்சேரிக்குக் கொண்டுபோங்கள் என்று பெரிய டாக்டர் சொன்னார். அவருடைய மனைவிக்குத் தயக்கம். புதன்கிழமை நாய் வரட்டும், பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருந்தார். நாய் வந்தது, உட்கார்ந்தது. டாக்டர் வந்து அவர் முதுகைத் தட்டிப் பரிசோதித்துக்கொண்டிருந்தபோது எழுந்து போனது. டாக்டர் அடுத்த வார்டுக்குப் போனதும் அந்த அம்மா என்னிடம் வந்து, "இதுக்கு என்னா அர்த்தம் சிஸ்டர்? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க" என்று கேட்டார்.

நான் பதில் சொல்லவில்லை. தலையைக் குனிந்துகொண்டு படுக்கை விரிப்பைச் சரி செய்தேன். அர்த்தம் ஒன்றும் இல்லை, பாண்டிச்சேரிக்குப் போங்கள் என்று சொல்ல ஒரு நிமிடம் கூட ஆகியிருக்காது. எனக்கே உள்ளுக்குள் பயம் பிடித்துவிட்டிருந்தது. என் குனிந்த தலையை அந்த அம்மா ஒரு பதிலாக எடுத்துக்கொண்டார். மறுநாள் கையெழுத்துப் போட்டுக் கணவரை வீட்டுக்கே கூட்டிப் போய்விட்டார்.

மூன்று வாரம் கழித்து அப்பாவைச் சேத்தியாத்தோப்பிலிருந்து கொண்டுவந்து எங்கள் ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தேன். விவசாயி. மோட்டார் கொட்டகையில் எப்போதும் இரண்டு நாய் வளர்த்தவர். காய்ச்சலும் இருமலுமாக வந்தவருக்குப் படுத்தால் மூச்சுத் திணறியது. புதன்கிழமை காலையிலிருந்தே "அந்த நாயி இன்னிக்கி வருமா யம்மா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் பின்வாசலில் அக்காவை மறித்து, ஆண்கள் வார்டுக்கு மட்டும் வரவேண்டாம் என்றேன். அக்கா என் முகத்தையே பார்த்தார். "நீங்க கூடவா சிஸ்டர்?" என்று மெதுவாகக் கேட்டார். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆமாம், நான் கூடத்தான் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். ஆனால் ரவுண்ட்ஸ் வந்த டாக்டரிடம் அப்பாவே நேரடியாக மனுப் போட்டுவிட்டார். டாக்டர் ஆள் அனுப்பினார். அக்கா தயங்கித் தயங்கி வந்தார். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றினார். அப்பா எழுந்து உட்கார்ந்து, "வாடா ராஜா" என்று மடிந்த காதைத் தடவினார். செகண்ட்ஸ் அவர் காலடியில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டது. எனக்கு மூச்சே அப்போதுதான் வந்தது.

டாக்டர் அப்பாவின் முதுகில் இடது நடுவிரலைப் பதித்து அதன் மேல் வலது விரலால் தட்டிக்கொண்டே கீழே இறங்கினார். நெஞ்சு நோய், வயிற்று வீக்கம் என்று வந்த யாருக்கும் செய்வதுதான். மின்விசிறிச் சத்தம் போல எங்கள் காதுக்கு அது கேட்பதே இல்லை. நாய் கண்ணைத் திறந்தது. எழுந்தது. கதவை நோக்கி நடந்தது. பிறகு நான் செய்ததை இத்தனை வருடத்தில் யாரிடமும் சொன்னதில்லை. தண்ணீரோடு அந்தக் கிண்ணத்தை எடுத்து நாயின் மேல் எறிந்தேன். போ, போய்த் தொலை, என் அப்பாவைப் பார்க்காதே என்று கத்தினேன். கிண்ணம் நாய் மேல் படாமல் கட்டிலின் இரும்புக் காலில் மோதி உருண்டது. அந்தச் சத்தத்துக்கு வார்டே திடுக்கிட்டது. செகண்ட்ஸ் மட்டும் அசையவில்லை. நின்ற இடத்திலிருந்து என்னைத் திரும்பிப் பார்த்தது.

அக்கா குனிந்து கிண்ணத்தை எடுத்தார். பழக்க தோஷம், உடைந்ததா இல்லையா என்று பார்க்க விரல் முட்டியால் இரண்டு தட்டுத் தட்டினார். டொக், டொக். நாய் சட்டென்று நாலடி தள்ளி நடைகூடத்துக்குப் போய்விட்டது. அக்கா அதைப் பார்த்தார், கிண்ணத்தைப் பார்த்தார். மறுபடியும் தட்டினார். அது இன்னும் நாலடி தள்ளிப் போனது. மேஜையில் டாக்டர் குடித்து வைத்திருந்த டீக் கோப்பையை எடுத்துத் தட்டினார். ணங் என்றது. நாய் நின்று, நல்ல காதை நிமிர்த்தி, வாலை ஆட்டிக்கொண்டு திரும்பி வந்து கட்டிலோரம் படுத்தது. "சார், பெரியவரு முதுகுல இன்னொரு தபா தட்டுங்க. மொதல்ல நல்ல பக்கமா தட்டுங்க" என்றார் அக்கா. டாக்டர் இடப்பக்கம் தட்டினார். காற்று நிறைந்த நெஞ்சு முழங்கியது, நாய் படுத்தே இருந்தது. வலப்பக்கம் கீழே, நீர் கோத்திருந்த இடத்தில் தட்டினார். சத்தம் மந்தமாக வந்தது. நாய் எழுந்து போனது. "இது சாவப் பாக்கல சிஸ்டர். டொக்குனு கேட்டா அடுத்து ஓடு பறந்து வரும்னு ஒதுங்குது. முதுகுல பட்ட அடி அதுக்கு மறக்கல" என்றார் அக்கா. தட்டிக் கேட்டு டாக்டர் கண்டுபிடித்ததைத்தான் நாயும் கேட்டிருக்கிறது. அப்பா என்னைப் பார்த்தார். "இதுக்குப் போயா கிண்ணத்த ஒடச்ச?"

அப்பாவின் நெஞ்சிலிருந்த நீரை அன்றைக்கே ஊசி போட்டு எடுத்தார்கள். மாத்திரைகளைத் தவறாமல் விழுங்கி எழுந்தார். அதற்குப் பிறகு பல போகம் நெல் அறுத்தார். ஆனால் நான் அந்தச் சந்தோஷத்தில் ஐந்து நிமிடம்கூட இருக்கவில்லை. நடைகூடத்தில் நாயின் கழுத்தைக் கட்டிக்கொண்டு அழுதுகொண்டிருந்தபோது அக்கா என் தோளைத் தொட்டார். "சிஸ்டர், நல்லூர்க்காரரு" என்றார். அவ்வளவுதான். அப்பாவுக்கு இருந்த அதே நீர். அதே டொக். டாக்டரிடம் ஓடினேன். பாண்டிச்சேரிக்குப் போயிருந்தால் பெரும்பாலும் தேறியிருப்பார், இப்போதும் காலம் கடந்துவிடாமல் இருக்கலாம், போய்ப் பார் என்றார்.

மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸில் நானும் அக்காவும் நல்லூருக்குப் போனோம். வழியெல்லாம் நான் எழுந்து எழுந்து உட்கார்ந்தேன். விசாரித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது, ஓட்டு வீட்டு வாசலில் அந்த அம்மா மல்லாட்டைக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். நெற்றியில் பொட்டு இல்லை. எங்களைப் பார்த்ததும் முறத்தைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "வாங்க சிஸ்டர், வாங்க. இங்க வந்து பத்து நாளு இருந்தாரு. நாயி எந்திரிச்சதாலதான் அந்தப் பத்து நாளும் வூட்டுல, புள்ளைங்க மடியில இருந்தாரு. இல்லன்னா தெரியாத ஊருல எங்கயோ அலஞ்சிக்கிட்டு இருந்திருப்போம். அந்த நாயி நல்லா இருக்குதா?" என்றார். நான் வாயைத் திறந்தேன். அக்கா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்தார். தரம் பிரிக்கும் கை, வலித்தது. "நல்லா இருக்குதும்மா" என்றார் அக்கா. மோர் கொடுத்தார்கள், குடித்தோம்.

திரும்பும் பஸ்ஸில் நான் அடக்க மாட்டாமல் சண்டை போட்டேன். உண்மையைச் சொல்லத்தானே போனோம், ஏன் தடுத்தீர்கள் என்றேன். அக்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, "சொன்னா உங்களுக்குப் பாரம் எறங்கும். அவங்களுக்கு ஏறும்" என்றார். கொஞ்ச தூரம் போன பிறகு, "நாயி மேலயே இருக்கட்டும் சிஸ்டர். அது தாங்கும்" என்றார்.

பெரிய டாக்டர் விடவில்லை. அவர் யோசனை சுலபமானது. எல்லோர் முன்னாலும் தட்டிக் காட்டி விளக்குவோம், ஒரு அறிவிப்பு எழுதி மாட்டுவோம், நாய் பாட்டுக்கு வரட்டும் என்றார். வார்டில் அன்று பார்த்த நாலைந்து பேர் சொன்னதை யாரும் நம்பியிருக்கவில்லை. எமன் கதைதான் அவர்களுக்கு ருசியாக இருந்தது. டாக்டரே சொன்னால் ஊர் நம்பும். நம்பினால் நாலு நாளில் நல்லூருக்கும் போய்ச் சேரும். அக்கா வேண்டாம் என்றார். அப்படியானால் நாயை நான் அனுமதிக்க முடியாது, அது எழுந்ததைப் பார்த்து இன்னொருவர் வீட்டுக்குப் போனால் யார் பொறுப்பு என்று டாக்டர் கேட்டார். நியாயமான கேள்வி. ஒருத்தரையும் ஒதுக்க வேண்டாத அந்த ஒரு மணி நேரத்தை அக்கா அங்கே நின்றபடியே விட்டுக்கொடுத்தார். "அப்ப நாங்க நின்னுக்கறோம் சார்" என்றார். நான் பக்கத்திலேயே நின்றேன். நல்லூர் அம்மா கேட்டபோது தலை குனிந்தது நான்தான், நாய் அல்ல என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. பின்வாசலில் வாட்ச்மேன் நோட்டை நீட்டினார். இனிமே வேணாங்க என்று அக்கா சிரித்துவிட்டு, பையிலிருந்த கிண்ணத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். "தண்ணி நிக்காது. வேற எதுக்காவது வெச்சிக்கோங்க."

ஊர் செகண்ட்ஸை எமன் வீட்டு நாய் என்றே கடைசி வரை அழைத்தது. டீக்கடையில் பொறை போடுவதை நிறுத்தினார்கள். கல்லெறிகிறார்கள் என்பதால் அக்கா கடைத்தெருவை விட்டு ரயில்வே லைன் ஓரமாகவே பேட்டைக்கு நடந்தார். நான் அடுத்த வருடமே கடலூருக்கு வேலை மாற்றிக்கொண்டு ஓடிவந்தேன். வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்பேன். நாய் கிழடாகி, குச்சி தட்டும் சத்தம் கேட்டபடியே அவர் காலடியில் செத்தது. அக்கா போய்ச் சேர்ந்து ஆறு வருடம் ஆகிறது. கடைசிவரை அவர் யாரிடமும் சொல்லவில்லை. இதை எழுதுவதன் மூலம் நான்தான் அவர் வார்த்தையை மீறுகிறேன். எழுதலாமா கூடாதா என்று தெரியாமல் இந்தக் காகிதத்தை விட்டு எத்தனை தடவை எழுந்து போனேனோ, கணக்கில்லை.

சென்னை ஆஸ்பத்திரியில் அந்த நீலச் சட்டை நாய் என் காலடியில் உட்கார்ந்தது. நெடுநேரம் எழவில்லை. எனக்கு ஆறுதலாக இல்லை. வீட்டுக்கு வந்து சாவியைப் போட்டுவிட்டுக் கிண்ணத்தைத் தட்டினேன். டொக் என்றது. எழுந்து ஒதுங்கிப் போக இந்த வீட்டில் நாய் இல்லை. நல்லூர் அம்மா, நீங்கள் இருக்கிறீர்களா, இதை யாராவது உங்களுக்குப் படித்துக் காட்டுவார்களா, தெரியாது. நீங்கள் ஒரு தப்பும் செய்யவில்லை. நீங்கள் கேட்டீர்கள், நான்தான் பதில் சொல்லவில்லை. முப்பது வருடமாக நாய் மேல் இருப்பதை இறக்கி என் மேல் வையுங்கள். நானும் தாங்குவேன்.